ஏழு டிராக்டர் இருந்த வீடு

வில்பர்ட் காங்கஸ் வீட்டில் ஏழு டிராக்டர் இருந்தது. நிலபுலன் என்று பார்த்தால் வீட்டுக்கு முன்னால் ஒரு புல்தரை, பின்னால் விறகு மூட்டி வியர்க்கிற ஒரு சௌனா குளியலறை, பக்கத்தில் நாலு ஆப்பிள் மரம். இதற்கு ஏழு டிராக்டர்! வயலை உழுகிற டிராக்டர் என்றாலாவது வாயை மூடிக்கொண்டு போகலாம். எல்லாம் தோட்ட டிராக்டர். கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் பனி தள்ளவும் அவன் அப்பன் காலத்தில் செய்து விற்ற குட்டி வண்டிகள். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அந்த ஏழுக்கும் கராஜில் இடம் உண்டு. பெண்டாட்டி வெர்னாவின் காருக்கு இல்லை. அது வெளியில் நின்று நனைந்தது.

அக்டோபர் பிறந்துவிட்டால் "தயார் பண்றோம், தயார் பண்றோம்" என்று ஒரு திருவிழா தொடங்கும். பண்ண வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? அமெரிக்காவின் வடகோடி இது; மேற்கே கடல் மாதிரி சுப்பீரியர் ஏரி கிடக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அது மூச்சு விட்டால் இந்த ஊர்மேல் பனி. புல் வெட்டும் தட்டைக் கழற்றணும். பனியை அள்ளித் தூர ஊதுகிற பெட்டியை முன்னால் மாட்டணும். பின்சக்கரம் பனியில் வழுக்காமல் இருக்க அதற்கு இரும்பு எடையும் சங்கிலியும் போடணும். ஆயில் மாற்றி, கோடைப் பெட்ரோலை வடித்து, பிளக்கைத் துடைத்து, கிரீஸ் அடிக்கணும். கைவேகம் உள்ளவனுக்கு ஒரு வண்டிக்கு அரைநாள் வேலை. வில்பர்ட்டுக்கு இரண்டு மாதம் போதாது.

காரணம் கிளேட்டன். பக்கத்து ரோட்டில் வீடு. அவனிடம் ஐந்து டிராக்டர், அதே பைத்தியம். காலையில் காபி குடிக்க வந்தான் என்றால் வெர்னா சுட்டு வைத்த ஏலக்காய் ரொட்டியைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். இரண்டு பேரும் கராஜில் அடுப்பை மூட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள்.

"முப்பதாம் நம்பர் ஆயில் ஊத்தினா இந்தக் குளிர்ல பாகு மாதிரி நிக்கும்டா. லேசானதை ஊத்து" என்பான் கிளேட்டன்.

"எங்கப்பா முப்பதுதான் ஊத்தினாரு."

"உங்கப்பா வண்டி ஜனவரியில ஸ்டார்ட் ஆகி நீ பாத்திருக்கியா?"

"டேய், செத்தவரை இழுக்காத."

சாயங்காலம் வரை இதுவே பேச்சு. ஒரு சொட்டு ஆயில் எந்த வண்டியிலும் இறங்கியிருக்காது. பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை என்று சும்மாவா சொன்னார்கள். வெர்னா சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு உதடு ஒரு பக்கமாகக் கோணும். கல்யாணமான புதிதில் இல்லாத கோணல் அது. இப்போது முகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வருஷம் அவளால் வெறுமனே உதட்டைக் கோணிக்கொண்டு நிற்க முடியாது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபது வருஷத்துக்கு மேலாக அதே ரூட். பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வெளியே இந்தக் காட்டுப் பக்கம்தான் என்பதால் பஸ் ராத்திரியில் அவள் வீட்டு முற்றத்திலேயே நிற்கும். விடிவதற்குள் அதை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போகணும். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பாதை, கூப்பிடு தூரம். அதில் பனி கிடந்தால் பஸ் நகராது.

போன குளிர்காலத்தில் இரண்டு தரம் நகரவில்லை. முதல் தரம் வில்பர்ட்டின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாம் தரம் ஸ்டார்ட் ஆகிப் பாதி வழியில் சங்கிலி கழன்றது. ரூட்டின் கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகள், அக்காவும் தங்கையும். அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரி வேலைக்கு இருட்டிலேயே போய்விடுவாள். பிள்ளைகள் கதவைப் பூட்டிச் சாவியைத் தபால் பெட்டிக்கடியில் போட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நிற்கும். அந்த இரண்டாம் தரம், வேறு பஸ் போய் ஏற்றுவதற்குள் சின்னவளின் காது குளிரில் விறைத்து மெழுகு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. வெர்னா அன்றைக்கு அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

பஸ்களை எல்லாம் மேய்க்கிற மார்லிஸ் நல்ல மனுஷி. இருந்தும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தரம் நடந்தா ரூட்டை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான் வெர்னா. என் கையில இல்ல." அந்த வீட்டில் வெர்னாவுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மஞ்சள் பஸ்ஸைத் தவிர ஒன்றும் கிடையாது. அதுவும் போனால் அவள் யார்? ஏழு டிராக்டருக்குக் காவல் நாய்.

இதை அவள் வில்பர்ட்டிடம் உட்கார வைத்துச் சொன்னாள். அவன் மார்பில் கையை வைத்துக்கொண்டான். "இந்த வருஷம் பாரு. ஏழு வண்டி இருக்கு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு."

நவம்பர் தொடக்கத்தில் லீலண்ட் வந்தான். பெரிய லாரிக்கு முன்னால் இரும்புத் தகடு மாட்டி வீடு வீடாகப் பனி தள்ளுகிறவன். அதிகம் பேசமாட்டான். வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

"விடியறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நேரம் காலியா இருக்கு. உங்க பாதையைத் தள்ளிட்டுப் போயிடவா? வெர்னா ரொட்டி சுட்டா ஒண்ணு குடுத்தா போதும்."

வில்பர்ட் கிளேட்டனைப் பார்த்தான். கிளேட்டன் வில்பர்ட்டைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்ட சிரிப்பு.

"கேட்டியாடா? ஏழு டிராக்டர் வச்சிருக்கறவன் வீட்டுக்குப் பனி தள்ள வந்திருக்கான்."

"லீலண்ட், உன் லாரியை நீ வாங்கினது எப்போ? போன வருஷமா? இதெல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்ச இரும்பு. உன் வண்டி பிளாஸ்டிக்குடா தம்பி, பிளாஸ்டிக்கு."

"வெயில் ஜாஸ்தி அடிச்சா உருகிடப் போகுது, பாத்து!"

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். "நீ தள்ளிட்டுப் போப்பா, இவங்க கிடக்கறாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். வில்பர்ட் முந்திக்கொண்டான். "என் பாதையை நான் தள்ளிக்குவேன். நீ போ." லீலண்ட் வெர்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "அப்போ அந்த நேரத்தை ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடுத்துடறேன். அப்புறம் கேட்டா என்கிட்ட இருக்காது, வெர்னா."

அவன் போனதும் வெர்னா கத்தினாள். கரடியாகக் கத்தினாள். எருமை மாட்டுமேல் மழை பெய்தமாதிரி இருந்தார்கள் இரண்டு பேரும். உள்ளே போய் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வண்டி என்றால் எது? அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழில் ஒன்றுக்கு எஞ்சின் கிடையாது. ஒன்றின் கார்புரேட்டர் இரண்டு வருஷமாகக் காபி டப்பாவில் ஊறுகிறது. இரண்டு வண்டி உதிரி பாகத்துக்காக வாங்கியவை; அவற்றைப் பிரித்து எந்த வண்டிக்கும் உதிரி பாகம் எடுத்தது கிடையாது. ஒன்றில் புல் வெட்டும் தட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன, கழற்ற மனசில்லை. ஆறாவது, பழுப்பு நிறம், அதுதான் வேலை செய்கிற வண்டி. ஏழாவது 'ராணி'.

ராணியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே எரியும். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அக்கக்காகப் பிரித்து, தேய்த்து, வர்ணமடித்து, நட்டு முதற்கொண்டு பழைய காலத்து ஒரிஜினலாகத் தேடிப் போட்டது. டிசம்பர் முதல் சனிக்கிழமை ஊரில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடக்கும். அதில் ராணி வண்ண விளக்குகளைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கென்றே முன்னால் பனித்தகடு, அதற்கு மூன்று கோட்டு வர்ணம். பின்சக்கரத்தில் பளபளவென்று சங்கிலி. பேட்டரிக்கு எப்போதும் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும், மேலே கம்பளி போர்த்தியிருக்கும். அந்தத் தகடு இன்றுவரை ஒரு பிடி பனியைத் தொட்டது கிடையாது. ராணிக்குக் கம்பளி, வெர்னாவின் காருக்கு வானம்.

பழுப்பு வண்டியின் பனிப்பெட்டியில் ஒரு சங்கதி உண்டு. உள்ளே சுழல்கிற திருகுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு போல்ட். கெட்டியில்லாத இரும்பில் செய்தது. கல்லோ கட்டையோ மாட்டினால் அது உடைந்துவிடும். உடைய வேண்டும் என்றுதான் அதை அங்கே போட்டிருக்கிறார்கள். போல்ட் போனால் போகட்டும், கியர் பெட்டி பிழைக்கும். பனி தள்ளுகிற ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வில்பர்ட்டுக்கும் தெரியும். இருந்தாலும் போன வருஷம் அடிக்கடி உடைந்ததில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்தத் தரம் கெட்டிப் போல்ட்டாப் போடறேன். உடையட்டும் பாப்போம்."

கிளேட்டன் தலையைச் சொறிந்தான். "கெட்டிப் போல்ட் போட்டா கியர் பெட்டியில்ல போகும்?"

"அதெல்லாம் பயந்தவன் பேச்சு. எங்க பாதையில என்னடா இருக்கு மாட்டறதுக்கு? புல்லு."

கெட்டிப் போல்ட்டைப் போட்டு முறுக்கினான். முறுக்கிவிட்டு அதைப் பெருமையாக வெர்னாவைக் கூப்பிட்டு வேறு காட்டினான். விளக்கெண்ணெய்!

பிறகு மான் வேட்டைக் காலம் வந்தது. நவம்பர் நடுவில் அது தொடங்கினால் இந்தப் பக்கத்து ஆண்கள் ஒருத்தரையும் வீட்டில் பார்க்க முடியாது. சாவு என்றாலும் வேட்டைக் குடிசைக்கு ஆள் அனுப்பித்தான் சொல்லணும். வில்பர்ட்டும் கிளேட்டனும் மானுக்கு இரையாகப் போட, வில்பர்ட்டின் சின்ன லாரிக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லர் நிறைய, சர்க்கரைவள்ளிபோல் பெருத்த வெள்ளைக் கிழங்கை, சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கை, மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் சீட்டாடினார்கள், பீர் குடித்தார்கள். மான் கிழங்கைத் தின்றுவிட்டுச் சௌக்கியமாகப் போயிற்று. ஒரு தோட்டா செலவாகவில்லை.

நவம்பர் முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பினார்கள். மீந்த மூட்டைகளோடு டிரெய்லர் பாதையில் குதித்துக் குதித்து வந்தது. பின்கதவைச் சரியாகக் கொக்கி போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாதை நடுவில் ஒரு மூட்டை விழுந்து பிரிந்து உருண்டது. கிளேட்டன் பார்த்தான். "நாளைக்கு அள்ளிக்கலாம்" என்றான். வில்பர்ட் சௌனாவுக்கு விறகு வைக்கப் போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி ஏரி மூச்சு விட்டது.

திங்கட்கிழமை விடிவதற்கு வெகுநேரம் இருக்கும்போதே வெர்னா எழுந்துவிட்டாள். ஜன்னலில் பார்த்தால் காரைக் காணோம், ஒரு மேடுதான் தெரிந்தது. வில்பர்ட்டை உலுக்கினாள். அவன் எழுந்தான், அதை மறுக்கக்கூடாது, உற்சாகமாகவே எழுந்தான். "பாரு இப்போ" என்று கண் சிமிட்டிவிட்டுப் போய்ப் பழுப்பு வண்டியைக் கிளப்பினான். அதுவும் கிளம்பிற்று. பனி பீறிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் விழுந்தது. வெர்னா பஸ்ஸின் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டே பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகியது. பரவாயில்லை, சொன்னதைச் செய்கிறான் என்று நினைத்தாள்.

பாதி வழி போயிருப்பான். மடார் என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ராத்திரிக் குளிரில் கருங்கல்லாக இறுகிப்போன கிழங்கு ஒன்று திருகுக்குள் மாட்டிக்கொண்டு இளித்தது. கெட்டிப் போல்ட் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. கியர் பெட்டி மட்டும் இரண்டாகப் பிளந்து, பனியில் கருப்பாக ஆயில் வடிந்துகொண்டிருந்தது. வில்பர்ட் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தப் பிளவைத் தடவினான்.

"இந்த வார்ப்பு இப்போ எங்கயும் கிடைக்காது, வெர்னா. எங்கயும் கிடைக்காது."

"பாதை?"

"அறுபத்தியேழாம் வருஷத்தோட செய்யறதை நிறுத்திட்டாங்க."

"பாதை, வில்பர்ட். பஸ் போகணும்."

அவன் அண்ணாந்து பார்த்தான். பஸ் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது போலப் பார்த்தான்.

"ராணியை எடு" என்றாள் வெர்னா.

"எதை?"

"ராணியை. தகடு மாட்டியிருக்கு. சங்கிலி போட்டிருக்கு. பேட்டரி நிறைஞ்சிருக்கு. உன்கிட்ட இருக்கற ஏழுல தயாரா இருக்கறது அது ஒண்ணுதான். எடு."

"சனிக்கிழமை ஊர்வலம்."

"இன்னிக்குத் திங்கக்கிழமை."

"தகட்டுல மூணு கோட்டு பெயிண்ட்டும்மா. அடியில கல்லு, உப்பு… ஒரு கீறல் விழுந்தா போச்சு. ரெண்டு வருஷம் உழைச்சது." அவன் எழுந்து கராஜ் பக்கம் நடந்தான், முந்திக்கொள்ளப் பார்க்கிறவன் நடை. வாசலில் போய் நின்றுகொண்டான். "ஒரு நாள் உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிடேன். குடியா முழுகிடும்?"

"ரெண்டு பிள்ளைங்க இருட்டுல நிக்கும்யா."

"அவங்க அம்மா பாத்துக்குவா."

வெர்னாவுக்குக் கோபம் வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. புழு நெளிகிற பழத்தைக் கடித்துவிட்டமாதிரி ஒரு அருவருப்பு வந்தது. இந்த ஆளோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே என்று இருந்தது.

"தள்ளு" என்றாள்.

"வெர்னா, உனக்கு அதை ஓட்டத் தெரியாது."

"நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் பனியில மலை இறங்கறவ நான். உன் பொம்மையை ஓட்டத் தெரியாதா? தள்ளுடா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தரம். அந்த அதிர்ச்சியிலேயே அவன் நகர்ந்துவிட்டான். கம்பளியை உருவி எறிந்தாள். சாவியைத் திருகினாள். ராணி ஒரே இருமலில் கிளம்பியது.

ஒன்று சொல்லத்தான் வேண்டும்: ராணி நல்ல வண்டி. தகட்டை இறக்கிச் சாய்த்ததும் பனி சுருண்டு சுருண்டு பக்கத்தில் ஒதுங்கியது. ஒரு தடவை போய் வந்தாள், இன்னொரு தடவை போய் வந்தாள். பழுப்பு வண்டியைச் சுற்றி ஒதுக்கினாள். கிழங்கு தகட்டில் பட்டுத் தெறித்தது. கல் உரசிக் கீச்சென்றது. ஒவ்வொரு கீச்சுக்கும் பின்னாலிருந்து "ஐயோ! ஐயோ!" என்று ஒரு குரல். வில்பர்ட் கையில் துண்டோடு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நல்ல வண்டியை இத்தனை நாள் போர்த்தி வைத்திருந்தானே பாவி என்று வயிறு எரிந்தது. பஸ் அகலத்துக்குப் பாதை திறந்ததும் ராணியை முற்றத்தில் நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்குவது பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது. கை தன்னால் உருவியது.

கண்ணாடியில் பார்த்தபோது வில்பர்ட் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ் போகிறதா என்று ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் அக்காவும் தங்கையும் நின்றார்கள். அப்போதுதான் வந்து நின்றவர்களாக இருக்கணும். மூக்கு மட்டும்தான் சிவந்திருந்தது. சின்னவள் படியேறியதும் சொன்னாள். "மிஸ் வெர்னா, இன்னிக்கு நீங்க வருவீங்கன்னு அக்கா பந்தயம் கட்டினா."

"நீ?"

"நான் வரமாட்டீங்கன்னு."

"தோத்துட்டியா? போய் உக்காரு" என்றாள் வெர்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் நெஞ்சில் சுருக்கென்றது. அந்த வயசுப் பிள்ளை தன்னை எடை போட்டு வைத்திருக்கிறது. தவறாகவும் போடவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டதும் நேராக மார்லிஸிடம் போனாள். "வசந்தம் வர்றவரைக்கும் பஸ் இங்கேயே நிக்கட்டும். நானும் ஊர்லயே தங்கிக்கறேன்."

மார்லிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வில்பர்ட் என்ன சொல்றான்?"

"வில்பர்ட் பெயிண்ட் பாத்துக்கிட்டு இருக்கான்."

மார்லிஸ் மேலே கேட்கவில்லை. அவளும் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள்தானே.

ஊரில் சலவைக்கடைக்கு மேலே வெர்னாவின் தங்கை ஆர்டிஸுக்கு இரண்டு அறை உண்டு. அங்கே போய்க் கோட்டைக் கழற்றும்போதுதான் சட்டைப்பையில் சாவி தட்டுப்பட்டது. வெளியே மறுபடியும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் திறந்த பாதை இந்நேரம் மூடியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை இருட்டுகிற வேளையில் போன் வந்தது. ஆர்டிஸ் எடுத்து, "உன் மகாராஜா" என்று நீட்டினாள். வெர்னாவுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அதற்காக அவள் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வா என்பான், தப்புத்தான் என்பான், சாப்பிட்டியா என்றாவது கேட்பான் என்று நினைத்தாள்.

"ராணியோட சாவி எங்க?"

வெர்னா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள்.

"ஹலோ? சாவி உன்கிட்டயா இருக்கு? சனிக்கிழமை ஊர்வலம். கம்பியை வெட்டி ஸ்டார்ட் பண்ணிடலாம்னு கிளேட்டன் சொல்றான், நான் விடலை. ஒரிஜினல் கம்பி அது. இன்னிக்கு நிக்கற பனி இடுப்பு வரைக்கும் இருக்கு, லாரியை வெளிய எடுக்க முடியல. லீலண்டைக் கூப்பிட்டா அவனுக்கு நேரமில்லையாம், திமிரைப் பாரு. நீ சாவியைக் கொண்டு வந்து ரோட்டுல…"

"சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள் வெர்னா. "பஸ் நிக்கற இடத்துக்கு வா. உன் லாரியில, பாதையைத் தள்ளிட்டு, நீயா வா. தர்றேன்."

"ராணி இல்லாம எப்படித் தள்றது?"

"ஏழு வண்டி இருக்கில்ல. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்னாவும் சிரித்தாள். இந்த ஜென்மத்தில் அவன் வரப்போவதில்லை, வசந்தத்தில் பனி உருகிய பிறகு வருவான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம், பிள்ளைகளைக் கூட்டிவர அவள் பஸ்ஸைக் கிளப்புகிற நேரம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது, பின்னால் டிரெய்லரோடு. வில்பர்ட் இறங்கினான். நடை ஒரு மாதிரி இருந்தது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. பஸ் படியருகில் வந்து கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான்.

உள்ளங்கை முழுவதும் கொப்புளம். நாலைந்து உடைந்து சதை தெரிந்தது.

"என்னய்யா இது?"

"மண்வாரி பிடிச்சது." அவன் குரலில் பெருமை. "போன் வச்சதும் ஆரம்பிச்சேன். ராத்திரி முழுக்க. கிளேட்டன் பாதியில ஓடிட்டான், நான் விடலை. நீ வந்து பாக்கணும் வெர்னா! உன் பஸ்ஸே போகலாம், அவ்வளவு அகலம். சனிக்கிழமை ராணியை ஏத்திக்கிட்டு டிரெய்லர் திரும்பணுமில்ல."

வெர்னா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரே ராத்திரி. இரண்டு நாள் பனி, இடுப்பளவு. வெறும் கையால். போன வருஷம் அந்த இரண்டு தரமும் அவன் வீட்டில்தான் இருந்தான், இதே கையோடு. "இரும்பு கிளம்பலைன்னா மனுஷன் என்ன பண்ண முடியும்" என்று கேட்டுவிட்டுக் காபி குடித்தான். அவளும் நம்பினாள். கையாலாகாதவன், பாவம் என்று நம்பினாள். இத்தனை வருஷம் அவள் அவனை இகழ்ந்தது எல்லாம் அந்த நம்பிக்கையில்தான். கையாலாகாதவனோடு குடித்தனம் நடத்திவிடலாம்; ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடத்துகிறார்கள். இவன் கையாலாகாதவன் இல்லை. அவளுக்காக, அந்தப் பிள்ளைகளுக்காக அந்தக் கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.

சாவியை எடுத்து அந்தக் கொப்புளத்தின்மேல் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான், இருந்தும் விரலை மூடிக்கொண்டான்.

"தகட்டைச் சரிபண்ணிட்டேன்" என்றான். "இடது ஓரத்துல மட்டும் ஒரு கீறல். விளக்கு போட்டா தெரியாது." இரண்டடி போனவன் திரும்பினான். "நீ எப்போ வர்ற? பாதைதான் சுத்தமா இருக்கே."

நக்கலாக ஒரு பதில் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. இருபது வருஷமாக நுனி நாக்கில் தயாராக நின்ற எதுவும் வரவில்லை.

"நான் வரலை, வில்பர்ட்."

"சனிக்கிழமை ஊர்வலத்துக்கு?"

"எதுக்கும்."

அவன் புரியாமல் நின்றான். கையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டிரெய்லரை நகத்து" என்றாள் வெர்னா. "பள்ளிக்கூடம் விடற நேரம். பிள்ளைங்க நிப்பாங்க." பஸ் கதவை மூடினாள்.